கூற்றை உண்மையென்றே கொள்க

அலுவலகத்தில் அவளை ஓட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அவள் சுளிக்க மாட்டாள். போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சிப் புத்தகம் போடும் நிறுவனத்தில் தர்க்கப் பகுதிக்கு வினா எழுதுவது அவள் வேலை. யார் எதைச் சொன்னாலும், "சரி, இதுல ஓட்டை எங்க?" என்று கேட்பாள். டீ ஆறிப்போயிருக்கிறது, ஆகவே கடைக்காரன் வேண்டுமென்றே தாமதம் செய்தான் என்று யாராவது சொன்னால் போதும். ஆறியதற்கும் வேண்டுமென்றே என்பதற்கும் நடுவில் எத்தனை ஓட்டை என்று விரல் மடக்கத் தொடங்கிவிடுவாள். அதற்குள் டீ இன்னும் ஆறிப்போகும்.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையே ஒரு கோணல் கதை. இளம் வயதில் வேலைத் தேர்வுகளை எழுதிக்கொண்டே இருந்தாள், தேறவே இல்லை. தெரியாமல் தோற்கவில்லை. கொடுத்த நான்கு விடைகளுக்கும் மாறி மாறி வக்காலத்து வாங்குவாள். மூன்றாவது விடைக்கு வாதாடி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒருநாள், ஒரு பயிற்சிப் புத்தகத்தில் ஒரே வினாவுக்கு இரண்டு விடைகள் சரியாக வருகின்றன என்று சொல்லிச் சண்டை போட, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த நிறுவனத்துக்கே போனாள். பொறுப்பாசிரியர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "சண்டையை உக்காந்து போடுங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

யாரும் கற்றுத்தரவில்லை. பழைய வினாத்தாள்களைப் பிரித்துப் பிரித்துத் தானே பிடித்துக்கொண்டாள். "கடைகளில் குடை விற்பனை கூடியிருக்கிறது. ஆகவே மழை வரும் என்று மக்கள் நம்புகிறார்கள்." இதில் சொன்னது இரண்டு, சொல்லாமல் விட்டது ஒன்று: குடையை மழைக்காகத்தான் வாங்குகிறார்கள் என்பது. அந்தச் சொல்லாத ஒன்றுதான் அடித்தூண். தூண் எது என்று சந்தேகம் வந்தால் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். வெயிலுக்காகவும் குடை வாங்குகிறார்கள் என்று கவிழ்த்தால் மழை முடிவு சரிந்துவிடுகிறது, இல்லையா? அப்படியானால் அதுதான் தூண். சரியான விடையைவிடத் தவறான விடை எழுதுவதில் அவளுக்குக் கை தேர்ந்திருந்தது. அரைகுறை புத்திசாலி ஓடிவந்து கவ்வுகிற மாதிரி ஒரு தவறான விடை வைக்க வேண்டும். அதற்கு அந்த அலுவலகத்தில் தூண்டில் என்று பெயர். அவள் தூண்டிலில் அடுத்த மேசைக் கணக்குக்காரரே பலமுறை மாட்டியிருக்கிறார்.

எல்லா வினாத்தாள்களின் தலையிலும் ஒரு வரி இருக்கும்: கூற்றை உண்மையென்றே கொள்க. நாற்காலிகள் எல்லாம் மீன்கள் என்று கூற்றில் இருந்தால் நாற்காலிகள் மீன்கள்தான். அதைக் கேள்வி கேட்கக் கூடாது. கூற்றிலிருந்து முடிவுக்குப் போகிற பாதையை மட்டும்தான் சோதிக்கலாம். இந்த வரி அவள் கண்ணில் பட்டுப் பட்டு, கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

வீட்டிலும் ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. அதை அவள் வினாவாக எழுதியதில்லை.

அவள் கணவன் ஆற்றுப் பாலங்களின் தூண்களைப் படகில் போய்ச் சோதிக்கும் வேலையில் இருந்தான். ஒரு வெள்ளக்காலத்தில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். அவன் சேரவில்லை, உடலும் சேரவில்லை. கரையில் அவன் வைத்துவிட்டுப் போன பையை மாமனார்தான் போய் வாங்கிவந்தார். அதில் துவாலை, தண்ணீர் பாட்டில், ஒரு சட்டை. போன் இல்லை என்றார்.

மாமியார் கொஞ்ச காலம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு மாலை, கூடத்து லேண்ட்லைனிலிருந்து மகனின் எண்ணுக்கு அழைத்தார். மணி போயிற்று. யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. மாமியார் பேசினார். அன்றிலிருந்து மாலை தவறாமல் பேசினார். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்கும் என்றார்.

மாமனார் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். அவளைத் தனியே கூப்பிட்டு, "போன் கம்பெனியில விசாரிச்சேன்மா. நம்பரை வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம். எவனோ வேலையத்தவன் எடுத்துக் கேட்டுக்கிட்டிருக்கான். உங்க அத்தைகிட்ட சொல்லிடாதே, தாங்கமாட்டா" என்றார். அவள் தலையாட்டினாள். அந்த எண்ணுக்கு அவளாக ஒருமுறையும் அழைத்ததில்லை. யாரும் எடுக்காவிட்டால் ஒரு வலி, எடுத்தால் இன்னொரு வலி. எது பெரிது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

இப்படியே ஓடியிருக்கும், கட்டடம் விட்டிருந்தால். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் தூண்களில் வெடிப்பு விழுந்திருந்தது. எஞ்சினியர் வந்து பார்த்து, மாத முடிவுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும், அதற்குமேல் இருப்பது உயிருக்கு உத்தரவாதமில்லை என்று வாசலில் ஒட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு வீடாகக் காலியானது. கடைசியில் காவலாளியும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். முதல் மாடியில் இவர்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. ஆளில்லாத மாடிகளிலிருந்து இரவில் சுண்ணாம்பு உதிரும் சத்தம் கேட்கும், யாரோ கைப்பிடி அரிசியைத் தரையில் போடுவதுபோல. மொட்டைமாடி இரும்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் போயிருந்தது. காற்றடித்தால் இரண்டு தரம் இடிக்கும், கொஞ்சம் நிறுத்தும், மறுபடி ஒரு தரம்.

மாமியார் அசையவில்லை.

"போன் பண்ணா எடுக்கறான். எடுக்கறவன் இருக்கான். இருக்கறவன் வீட்டுக்குத்தானே வருவான்? வந்து பூட்டின வாசலைப் பார்த்துட்டுத் திரும்பிப் போகட்டும்ங்கறியா?"

"இடிஞ்சு விழுந்துடும்னு சொல்றாங்க அத்தை."

"விழட்டும். அவன் வர்றப்ப வாசலாவது நிக்கும்ல?"

ஒரு நாற்காலிக்குள் இத்தனை மீன்களா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"உங்க அத்தையோட வாதத்துல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம இருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம்" என்றார் கணக்குக்காரர், மதியச் சாப்பாட்டின்போது. "எங்களைன்னா கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பீங்க."

"சொன்னா உடைஞ்சுபோயிடுவாங்க."

"கட்டடம் விழுந்தாலும்தான் உடைஞ்சுபோவாங்க. ஓட்டையக்கா, ஒண்ணு பண்ணுங்க. அத்தைகிட்ட பேசாதீங்க. எடுக்கறானே அந்த வேலையத்த பய, அவன்கிட்ட பேசுங்க. 'ஐயா சாமி, இனிமே எடுக்காதே'ன்னு சொல்லுங்க. பத்து நாள் எடுக்காம இருந்தா அத்தை தானா கிளம்பிடுவாங்க."

சரிதான் என்று பட்டது. விடை இரண்டில் ஒன்று: மகன் எடுக்கிறான், அல்லது அந்நியன் எடுக்கிறான். முதலாவது ஆசை, இரண்டாவது கூற்று. கூற்றின்மேல் நின்று காரியம் பார்க்க வேண்டியதுதான்.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது அந்தி. மாமனார் வழக்கம்போல நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். மாமியார் கூடத்தில் ரிசீவரைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். யாரோடு என்று கேட்க வேண்டியதில்லை.

"...குழாய்ல தண்ணி சரியா வரலடா. அப்பாகிட்ட சொன்னா, இடிக்கப்போற கட்டடத்துக்கு எவன் குழாய் மாத்துவான்ங்கறார். அவருக்கு எல்லாத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும்..." சட்டென்று மூக்கை உறிஞ்சினார். "ஐயோ, பால்! இந்தா, பிடி. வெச்சுடாதே." ரிசீவரை அவள் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்கு ஓடினார்.

அவள் முதல்முறையாக அதைக் காதில் வைத்தாள்.

மூச்சு இருந்தது. மாமியார் சொன்னது பொய்யில்லை. ஒரு மனிதன் வாய்க்கு மிக அருகில் போனை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"நீங்க யாருன்னு தெரியாது" என்றாள் தணிந்த குரலில். "கெட்டவர்னு நான் நினைக்கல. ஆனா தயவுபண்ணி இனிமே எடுக்காதீங்க. நீங்க எடுக்கறதால ஒரு உயிர் இந்தக் கட்டடத்துக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

மூச்சு நின்றது. அந்த நிசப்தத்தில், ரிசீவருக்குள், தூரத்தில் ஒரு இரும்புக் கதவு இடித்தது. இரண்டு தரம். கொஞ்சம் நிறுத்தி, ஒரு தரம்.

அவளுடைய இன்னொரு காதிலும் அது இடித்தது. மேலே. இதே கட்டடத்தின் மேலே.

மாமியார் சேலைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கினார். "இருக்கானா?" என்றார். "இருக்கு" என்றாள் அவள். செருப்புப் போடாமல் வெளியே வந்து, கீழே இறங்கும் படியை விட்டு மேலே போகும் படியில் கால் வைத்தாள்.

காலி வீடுகளின் கதவுகள் திறந்தும் திறவாமலும் கிடந்தன. சுவர்களில் அலமாரிகள் நின்ற இடம் மட்டும் வெளுப்பாக, ஆள் உயரக் கட்டங்களாக நின்றது. சுவிட்ச் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒயர்கள் துளைகளிலிருந்து எட்டிப் பார்த்தன. ஒரு வாசலில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அவள் பாதத்தில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியது. ஒவ்வொரு மாடியிலும் நின்று கேட்டாள். கடைசி மாடியில், மூடிய கதவுக்குப் பின்னால், பூச்சிச் சத்தம்போல மெல்லிய ஒரு குரல் கேட்டது. மாமியாரின் குரல்.

கதவைத் தள்ளினாள்.

அடுப்படி இருந்த இடத்தில், கவிழ்த்த பெயின்ட் வாளியின்மேல் மாமனார் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. காதில் அவள் கணவனின் போன். "...நல்லவேளை, கொஞ்சம்தான் பொங்குச்சு. நீ இருந்தா திட்டுவே..." என்று அதற்குள்ளிருந்து மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். ஒரு விரலை உதட்டில் வைத்தார். அந்தப் பக்கம் பேசி முடித்து வைக்கும்வரை அந்த விரல் இறங்கவில்லை.

"போன் இல்லைன்னீங்களே மாமா."

"சொன்னேன்."

"நம்பரை வேற யாருக்கோ குடுத்துட்டாங்கன்னீங்க."

"அதையும்தான் சொன்னேன்." அவர் போனைச் சட்டைத் துணியால் துடைத்தார். "நீ ஓட்டை பார்க்கறவளாச்சே, பிடிச்சுடுவேன்னு தினம் பயந்துக்கிட்டே இருந்தேன். நீ கேக்கவே இல்லியேம்மா."

கேட்கவே இல்லை. தலையில் நாலு முடி இருக்கிற மனிதர் தினம் காலையில் சலூனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாரே, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அங்கேதான் சார்ஜ் போட்டிருக்கிறார். மாமியார் சொன்னதை எத்தனை முறை மனதுக்குள் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்திருப்பாள்! மாமனார் சொன்னதைத் தொடவே இல்லை. அது கூற்று. உண்மையென்றே கொண்டுவிட்டாள்.

"அவ முதல்ல கூப்பிட்ட அன்னைக்கு அது பைக்குள்ள துடிச்சுது" என்றார் மாமனார். "நிறுத்தத்தான் அழுத்தினேன். பச்சையில பட்டுடுச்சு. அவ குரல் வந்துச்சு. 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா. இத்தனை வருஷத்துல என்கிட்ட அப்படி ஒரு நாளும் கேட்டதில்ல... வெக்க மனசு வரல."

"அதுக்கப்புறம்?"

"எடுக்காம விட்டா அவ என்ன ஆவா?"

அவள் கையை நீட்டி அவரை எழுப்பினாள். எடை இல்லாமல் எழுந்தார். அந்த வீட்டுக்காரர்கள் உரிமையாளரிடம் கொடுக்கச் சொல்லித் தன்னிடம் விட்டுப்போன சாவியால் கதவைப் பூட்டினார், இருவரும் இறங்கினார்கள்.

கூடத்தில், லேண்ட்லைனுக்குப் பக்கத்தில், மாமனார் போனை வைத்தார். நீதிபதி முன்னால் திருட்டுப் பொருளை வைப்பதுபோல வைத்தார். மாமியார் அதைப் பார்த்தார். அழவில்லை.

"கொண்டு வந்துட்டீங்களா" என்றார்.

"உனக்கு... தெரியுமா?"

"நெஞ்சுல சளி கட்டின இழுப்பு உங்களுக்கு. காலம்பூரா பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன். முதல் நாளே தெரிஞ்சுடுச்சு." மாமியார் புடவை நுனியால் போனின் கண்ணாடியைத் துடைத்தார். "வீட்ல அவன் பேரை எடுத்தா எழுந்து போயிடறீங்க. அதுல சொன்னா உக்காந்து கேட்டீங்க. அதான் பேசினேன்."

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்குத்தான் கேள்வி மிச்சம் இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் அத்தை காலி பண்ண மாட்டேன்னீங்க? எடுக்கறது மாமான்னா, உங்க பிள்ளை வருவார்னு எப்படி..."

மாமியார் குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

"போன வாரம் மழையில இவருக்குக் காய்ச்சல் வந்துச்சே, ஞாபகமிருக்கா? கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. நான் இவர் நெத்தியில ஈரத்துணி போட்டுட்டு, பழக்கத்துல வந்து போன் பண்ணேன். மணி போறப்பதான் நினைப்பு வந்துச்சு, இவர் இங்க இருக்கார்னு. வெக்கப் போனேன்." நிறுத்தினார். "எடுத்தாங்க. மூச்சு இருந்துச்சு. இழுப்பு இல்லாத மூச்சு."

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"அன்னைக்கு போன் எங்க இருந்துச்சு மாமா?"

"மேல. சுவர் அலமாரிக்குள்ள. வீட்டைப் பூட்டிட்டு வந்திருந்தேன். சாவி என் சட்டைப் பையில."

"யாராவது சாமான் எடுக்க வந்தவங்க..."

"சாவி என்கிட்ட இருந்துச்சும்மா."

"போன் தானாவே எடுத்திருக்கலாம். சில போன்ல அப்படி வசதி..."

"அப்ப மத்த நாளெல்லாம் இவர் அழுத்தி ஏன் எடுக்கணும்?" என்றார் மாமியார். கொஞ்சம் சிரித்தமாதிரிகூட இருந்தது. "உன் பேச்சுலயும் ஓட்டை இருக்குடி."

மேலே இரும்புக் கதவு இடித்தது. மூன்று பேரும் அது நிற்கும்வரை காத்திருந்தார்கள்.

அந்த நிமிடத்தில் அவளுக்குத் தன் தொழில் கை கொடுத்தது. மாமியாரின் கூற்றை மறுக்க வேண்டாம். உண்மையென்றே கொள்ளலாம். அங்கிருந்து பாதை போடலாம்.

"சரி அத்தை. அது அவர்தான். வெச்சுக்குவோம். அன்னைக்கு அவர் வாசலுக்கு வந்தாரா?"

"இல்ல."

"கதவைத் தட்டினாரா?"

"இல்லைன்னேனே."

"போனுக்குத்தானே வந்தார்?"

மாமியாரின் கை போன்மேல் போய் உட்கார்ந்தது.

"வாசலுக்கு வர்றவர்னா இந்த வாசல் வேணும். போனுக்கு வர்றவருக்கு வாசல் எதுக்கு? போன் எங்க இருக்கோ அங்கதான் வருவார். போனை எடுத்துக்கிட்டுப் போவோம் அத்தை."

"நீ நல்லா படிச்சிருக்கே" என்றார் மாமியார். பிறகு, "பெரிய அண்டாவைப் பழைய துணி சுத்திக் கட்டணும், இல்லேன்னா நசுங்கிடும்" என்றார். கிளம்ப சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம்.

அன்று அவளுக்கு உறக்கம் வரவில்லை. வாழ்நாளில் எழுதிய தூண்டில்களிலேயே இதுதான் நேர்த்தியானது என்று நினைத்தாள். நினைத்தபோது பெருமையாக இல்லை.

மாத முடிவுக்கு முன்பே ஒரு பகலில் வேன் வந்தது. சாமான்கள் இறங்கின. கடைசியாக அவள் மட்டும் மேலே போய், மொட்டைமாடிக் கதவைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினாள். இனியாவது அது சும்மா இருக்கட்டும் என்று. கூடத்து லேண்ட்லைனின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கருவி போன் கம்பெனிக்குச் சொந்தம், ஆகவே ஒயரைச் சுருட்டி அதன்மேலேயே வைத்தாள். வீட்டைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மாமியார். பின்னால், கட்டில் சட்டங்களுக்கும் அண்டாவுக்கும் இடையில் அவளும் மாமனாரும். கணவனின் போன் அவள் மடியில் இருந்தது. "நீயே வெச்சுக்க" என்று மாமியார்தான் கொடுத்திருந்தார். மாமனார் அண்டாவை அணைத்தபடி உறங்கிப்போயிருந்தார். நெஞ்சின் இழுப்பு வேன் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முன்னால் மாமியாரின் இரண்டு கைகளும் மடியில் கோத்துக் கிடந்தன. தெரு முனை திரும்பியதும் கட்டடம் மறைந்தது.

போன் மடியில் துடித்தது.

திரையைப் பார்த்தாள். கணவன் சேமித்து வைத்திருந்த பெயர், அவன் வைத்த எழுத்தில்: வீடு.

பூட்டிய வாசல். பிடுங்கிய ஒயர். ஒருவேளை, என்று அவள் மனம் வழக்கம்போலத் தொடங்கியது. யாராவது பூட்டை உடைத்து... ஒயரைத் திரும்பச் செருகி... இந்த எண்ணை... ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றின் ஓட்டையையும் பார்த்து, கீழே போட்டாள். போன் துடித்துக்கொண்டே இருந்தது. அந்த எண்ணுக்கு ஒருமுறையும் அழைக்காதவள், பச்சையை அழுத்திக் காதில் வைத்தாள்.

யாரும் பேசவில்லை. மூச்சு இருந்தது. இழுப்பு இல்லாத, அவளுக்குப் பக்கத்தில் படுத்துக் கேட்டுப் பழகிய மூச்சு. அதற்கப்பால், தூரத்தில், அவள் கம்பி போட்டுக் கட்டிவிட்டு வந்த இரும்புக் கதவு இரண்டு தரம் இடித்தது. கொஞ்சம் நிறுத்தி, ஒரு தரம்.

அவள் வாயைத் திறந்தாள்.

முன் இருக்கையிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே, மாமியார் சொன்னார்:

"சாப்பிட்டானான்னு கேளு."